கல் பட்ட கண்ணாடிக்குத் தவணை சொல்லலாமா?

கார் என்றால் துரைமார் பங்களாவிலும் பெரிய கிராணியார் வீட்டு வாசலிலும் மட்டுமே நின்ற காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலம் மலையேறிவிட்டது. இன்று லயத்து வாசல்களிலும், தோட்டத்தை விட்டு வெளியேறிய நம்மவர் குடியிருக்கும் தாமான்களிலும் ஒரு சாகாவோ, காஞ்சிலோ, மைவியோ நிற்கிறது. பெரும்பாலும் அது பிறர் ஓட்டிப் பழகிய வண்டி. தவணை கட்டி வாங்கிய வண்டி. பிள்ளையைப் பள்ளியில் விடவும், நோயாளியை ஆஸ்பத்திரியில் சேர்க்கவும், சம்பள நாளன்று பட்டணத்துக்குப் போய்ச் சாமான் வாங்கவும் அதுதான் துணை. ஆகையால் கார் விஷயத்தை இந்தப் பத்திரிகையில் எழுதுவது பணக்காரர் விஷயத்தை எழுதுவதாக ஆகாது என்று முதலிலேயே சொல்லி வைக்கிறோம்.

நாம் பேச எடுத்துக்கொண்டது மிகச் சிறிய சங்கதி. ஐந்து காசு நாணயத்தின் அளவுகூட இராது. பெரிய சடக்கில் கல் லோரி ஒன்று முன்னால் போகிறது. அதன் டயர் இடுக்கில் கடித்திருந்த சரளைக்கல் தெறிக்கிறது. ‘டக்’ என்று ஒரு சத்தம். காரின் முன்கண்ணாடியில் நட்சத்திரம் போலவோ, எருதின் கண் போலவோ ஒரு பொட்டு விழுந்துவிடுகிறது. வண்டியை நிறுத்திப் பார்க்கிறோம். கண்ணாடி உடையவில்லை. “நல்ல வேளை, தப்பித்தோம், அடுத்த சம்பளத்தில் பார்த்துக்கொள்ளலாம்” என்கிறோம். அடுத்த சம்பளம் வருகிறது. தீபாவளி வருகிறது. பள்ளிச் செலவு வருகிறது. பொட்டு மட்டும் அங்கேயே இருக்கிறது. பிறகு ஒரு நாள் மத்தியானம், வெயிலில் நின்ற காரின் கதவைச் சற்றே பலமாகச் சாத்துகிறோம். ஒரு முழம் நீளத்துக்குக் கீறல் ஓடிவிடுகிறது. நூறு வெள்ளியோடு முடிந்திருக்க வேண்டிய காரியம் பல நூறு வெள்ளிக் கடனாக மாறிவிடுகிறது.

இதில் நம்மவரின் அசட்டை மட்டுமே காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. பழைய காலத்து நினைவும் ஒரு காரணம். மோரிஸ் மைனர், ஆஸ்டின் போன்ற வண்டிகள் ஓடிய நாளில் பல பிரிட்டிஷ் கார்களுக்கு முன்கண்ணாடியாக இருந்தது ஒற்றைக் கண்ணாடி. நெருப்பில் காய்ச்சி, சட்டென்று குளிரவைத்துக் கெட்டிப்படுத்திய கண்ணாடி அது. நன்றாகக் கல்லடி பட்டால் அது கணப்பொழுதில் கற்கண்டுத் துண்டுகளாக நொறுங்கி வெளுத்துப் போகும். எதிரே ஒன்றும் தெரியாது. டிரைவர் கையால் குத்தி ஓட்டை போட்டு வழி பார்த்து ஓட்டிய கதைகளை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கலாம். அந்தக் கண்ணாடிக்கு இரண்டே நிலைதான்: முழுசாக இருக்கும், அல்லது இல்லாமற் போகும். அதைப் பார்த்து வளர்ந்தவர்கள், “உடையவில்லையா? அப்படியானால் நன்றாக இருக்கிறது” என்று முடிவு கட்டுவதில் ஆச்சரியம் இல்லை.

இன்றைய முன்கண்ணாடி அந்த ஜாதியைச் சேர்ந்ததன்று. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்றை வைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் ஒன்றாக ஒட்டச் செய்தது இது. பிரெஞ்சு நாட்டு ரசாயன நிபுணர் எடுவார் பெனடிக்டஸ் என்பவர் இதற்கு வழி திறந்தார். 1903ஆம் ஆண்டில் அவருடைய ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு கண்ணாடிக் குப்பி கீழே விழுந்து உடைந்தும் சிதறாமல் நின்றதாம். உள்ளே காய்ந்து படிந்திருந்த ரசாயனப் படலம் துண்டுகளைப் பிடித்து வைத்திருந்தது என்று கண்டு, 1909இல் அவர் தம் கண்ணாடிக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். கதை எப்படியிருப்பினும் அதன் பலன் நம் கண்முன் இருக்கிறது. கல் பட்டால் வெளித் தகடு மட்டும் காயப்படுகிறது; படலம் தாங்கிக்கொள்கிறது; உள் தகடு முழுசாக நிற்கிறது. அதாவது, இந்தக் கண்ணாடி நமக்குச் சில நாள் அவகாசம் தருகிறது. அந்த அவகாசத்தை அதன் உறுதிக்கு அத்தாட்சி என்று நினைத்துக்கொள்வதில்தான் கோளாறு தொடங்குகிறது. (காரின் பக்கக் கண்ணாடிகள் பொதுவாகப் பழைய ஜாதிதான். அவற்றில் அடி பட்டால் அடைப்பதற்கு இடமில்லை, மாற்றத்தான் வேண்டும்.)

பொட்டு ஏன் வளருகிறது? கண்ணாடி நசுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. சிறு வெடிப்பு ஒன்று விழுந்துவிட்டால், கண்ணாடி முழுவதும் பரவியிருக்கும் இழுவிசை அந்த வெடிப்பின் கூர்முனையில் வந்து குவிகிறது. வெடிப்பு நீளநீள அது மேலும் நீளுவதற்கு வேண்டிய பலம் குறைந்துகொண்டே போகிறது. ஆங்கிலேயப் பொறியியல் அறிஞர் கிரிஃபித் 1921இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். வேட்டியின் ஓரத்தைக் கத்திரியால் கொஞ்சம் நறுக்கிவிட்டால் மீதியைக் கையாலேயே கிழித்துவிடலாம் அல்லவா? நம் வீட்டுப் பெண்கள் கணக்குப் போடாமலே அறிந்த சங்கதி இது.

நம் நாட்டுச் சீதோஷ்ணமும் சேர்ந்துகொள்கிறது. காலை பத்து மணி முதல் காரை வெட்டவெளியில் நிறுத்தியிருப்போம். கண்ணாடி கொதிக்கும். மாலை மூன்று, நான்கு மணிக்கு இடியோடு மழை கொட்டும். வெளித் தகடு சட்டென்று குளிர்ந்து சுருங்கப் பார்க்கும். உள் தகடு இன்னும் சூடாகவே இருக்கும். அல்லது, வெயிலில் வெந்த காரில் ஏறியவுடன் குளிர்சாதனத்தை முழுவேகத்தில் கண்ணாடியை நோக்கித் திருப்பிவிடுவோம். இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. போதாததற்குத் தோட்டச் சாலையின் குழிகளும், மரவேர் மேடுகளும், பாலத்துப் பலகைகளும் வண்டியின் கூட்டையே முறுக்கி முறுக்கி விடுகின்றன. தார்ச் சாலையில் மட்டும் ஓடும் பட்டணத்துக் காரில் ஒரு வருடம் அசையாமல் இருக்கும் பொட்டு, செம்மண் சடக்கில் ஓடும் நம் காரில் ஒரு மாதம் தாங்குமா என்பது சந்தேகமே.

ஈரம் இன்னொரு பகை. வெடிப்பின் முனையில் நீர் புகுந்தால், கண்ணாடியின் அணுக்கட்டு இழுவிசையில் மேலும் எளிதாக அறுகிறது என்பது விஞ்ஞானிகள் கண்டறிந்த உண்மை. வருடம் முழுவதும் காற்றில் ஈரம் நிற்கும் நாடு நம்முடையது. மழைநீரோடு செம்மண் தூசியும், கண்ணாடி கழுவ ஊற்றும் சோப்பு நீரும் அந்தச் சின்னத் துளைக்குள் போய் உட்கார்ந்துவிட்டால், பிறகு மருந்து ஏற்றினாலும் நன்றாகப் பிடிப்பதில்லை. அழுக்குத் தழும்பு நிரந்தரமாகத் தங்கிவிடும்.

பால் மரம் வெட்டும் நம் தோழர்களுக்கு இதைப் புரியவைக்க விஞ்ஞானமே வேண்டாம். கத்தி ஆழமாகப் பாய்ந்து மரத்தைத் தொட்டுவிட்டால், அந்தக் காயம் ஆறி எழும் பட்டை மேடும் பள்ளமுமாகத்தான் வரும். மழைக்காலத்தில் வெட்டுப்பட்டையில் பூஞ்சணம் பிடித்தால் அன்றே மருந்து பூசுகிறோம். “அடுத்த மாதம் பார்க்கலாம்” என்று எந்த மண்டோராவது சொல்வாரா? பட்டை அழுகிப்போனால் மறு வெட்டுக்கு மரம் இல்லை என்பது அவருக்குத் தெரியும். மரத்துக்குக் காட்டும் அக்கறையில் பாதியைக் கண்ணாடிக்குக் காட்டினால் போதும்.

பழுது பார்ப்பது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறோம்; தெரியாதவரைத்தான் எவரும் ஏமாற்ற முடியும். முதலில் துளையிலுள்ள கண்ணாடித் தூளையும் ஈரத்தையும் அகற்றுகிறார்கள். அதன்மேல் சிறிய கருவி ஒன்றைப் பொருத்தி, வெடிப்புக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து, அந்த இடத்தில் தேன் போன்ற பிசின் ஒன்றை அழுத்தத்தோடு உட்செலுத்துகிறார்கள். பிசின் எல்லாக் கிளைகளிலும் பாய்ந்த பிறகு, புற ஊதாக் கதிர் வீசும் விளக்கைக் காட்டினால் அது இறுகிவிடும். மேலே வழிந்ததைச் சவர பிளேடால் சீவி, மெருகு தேய்த்துவிட்டால் வேலை தீர்ந்தது. அரை மணி, முக்கால் மணி நேர வேலை. பிசினும் கண்ணாடியும் ஒளியை ஏறக்குறைய ஒரே மாதிரி வளைப்பதால் பொட்டு மங்கிப் போகும், அடியோடு மறைந்துவிடாது. “மாயமாய் மறைத்துத் தருகிறேன்” என்று யாராவது சொன்னால் அவரிடம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. வெடிப்பு மேலே ஓடாமல் தடுப்பதும், கண்ணாடிக்குப் பழைய பலத்தில் பெரும்பகுதியைத் திருப்பித் தருவதுமே இந்தச் சிகிச்சையின் நோக்கம்.

எல்லாப் பொட்டையும் இப்படி அடைத்துவிட முடியாது. நாணய அளவுக்குள் இருந்தால் முடியும். கண்ணாடியின் ஓரத்தை ஒட்டி விழுந்தது விரைவில் ஓடும். அதைப் பெரும்பாலான பட்டறைகள் எடுப்பதில்லை. டிரைவரின் கண்ணுக்கு நேரே விழுந்ததை அடைத்தாலும் ஒரு தழும்பு நிற்கும். இரவில் எதிர்வண்டியின் விளக்கு அதில் பட்டுச் சிதறும். அப்படிப்பட்ட இடத்தில் மாற்றிவிடச் சொல்வார்கள்; சொல்வது நியாயமே. உள் தகடும் சேர்ந்து வெடித்திருந்தால் பேச்சே இல்லை, மாற்றத்தான் வேண்டும்.

ஆனால், அடைக்கக்கூடியதையும் “மாற்றத்தான் வேண்டும்” என்று சொல்லும் கடைகள் உண்டு. புதுக் கண்ணாடி மாட்டுவதில் அவர்களுக்கு லாபம் அதிகம். ஆகவே இரண்டு இடத்தில் கேளுங்கள் என்போம்.

இப்பொழுது காசுக் கணக்குக்கு வருவோம். பொட்டு அடைக்கும் கூலி பட்டறைக்குப் பட்டறை வேறுபட்டாலும் நூறு வெள்ளிக்கு முன்பின்னாகவே இருக்கும். உள்நாட்டுக் காருக்கு முன்கண்ணாடி மாற்றுவதென்றால் பல நூறு வெள்ளி. 2025 பிப்ரவரி முதல், ஐந்து பேருக்கும் அதற்கு மேலும் ஆள் வைத்திருக்கும் முதலாளிகளுக்கும், அதே ஆண்டு ஆகஸ்டு முதல் எல்லா முதலாளிகளுக்கும் நிர்ணயமான குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. வாரம் ஆறு நாள் வேலைக்கு அது நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 காசு ஆகிறது. ஆக, உடனே அடைத்தால் ஒன்றரை நாள் உழைப்பு போகும். காத்திருந்து மாற்றினால் பத்து நாள் உழைப்பும் போகலாம். பணக்காரனுக்கு இந்த வித்தியாசம் ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவு. நமக்கு ஒரு பிள்ளையின் பள்ளிச் செலவு. ஏழைக்குத்தான் நாள் கடத்துவது கட்டுப்படியாகாது. வேடிக்கை என்னவென்றால், நாள் கடத்துபவனும் பெரும்பாலும் ஏழையே.

“எனக்குத்தான் காப்புறுதி இருக்கிறதே” என்று கிராணிமாரில் சிலர் சொல்வதைக் கேட்கிறோம். முழுக் காப்புறுதி எடுத்திருந்தாலும் முன்கண்ணாடி மட்டும் உடைந்தால் அதற்கு நஷ்டஈடு தானாகக் கிடைப்பதில்லை. அதைத் தனியாகக் கேட்டுச் சேர்த்திருக்க வேண்டும். வழக்கமான கட்டணம், கண்ணாடிக்கு நாம் சொல்லும் மதிப்பில் நூற்றுக்குப் பதினைந்து. அதாவது 600 வெள்ளிக் கண்ணாடிக்கு வருடம் 90 வெள்ளி. அப்படிச் சேர்த்திருந்தால், கண்ணாடிக்காக நஷ்டஈடு வாங்கினாலும், ஐந்து வருடம் பொறுமையாக ஓட்டிச் சம்பாதித்த 55 விழுக்காட்டுக் கழிவு போய்விடாது. சேர்க்காமலிருந்து, சாதாரண விபத்துக் கணக்கில் கேட்கப் போனால் அந்தக் கழிவு பறிபோகும். மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் எடுத்தவருக்கு—பழைய வண்டி வைத்திருக்கும் நம்மவரில் பலர் இந்த வகையினரே—தம் கண்ணாடிக்கு ஒரு காசும் வராது. அவர்கள் எல்லோரையும் விட முந்திக்கொள்ள வேண்டியவர்கள்.

இதிலும் ஒரு சாமர்த்தியப் பேச்சு உண்டு. “அடைப்பானேன்? முழுவதும் உடையட்டும், காப்புறுதியில் புதுக் கண்ணாடியே வாங்கிக்கொள்ளலாம்” என்பார்கள். புதுக் கண்ணாடி வாங்கியவுடன் அந்தக் கண்ணாடிக் காப்பு தீர்ந்துவிடுகிறது. மீண்டும் பணம் கட்டிப் புதுப்பித்தாலன்றி, வருடத்தின் மீதி நாட்களுக்குப் பாதுகாப்பு இல்லை. அடுத்த வாரமே வேறொரு லோரி வேறொரு கல்லை அனுப்பாது என்று யார் உறுதி சொல்வார்? இன்னொன்றும் உண்டு. இக்காலத்து முன்கண்ணாடி பழைய வண்டிகளில் இருந்தது போல் ரப்பர் வளையத்தில் செருகி வைத்ததன்று. பசையால் வண்டியின் கூட்டோடு ஒட்டப்பட்டது. வண்டி உருண்டால் கூரை நசுங்காமல் தாங்குவதில் அதற்கும் பங்கு உண்டு. பக்கத்து இருக்கைக்காரரின் காற்றுப்பை பல வண்டிகளில் அந்தக் கண்ணாடியில் மோதித்தான் அவர் பக்கம் திரும்புகிறது. தொழிற்சாலையில் ஒட்டியதைப் பிய்த்துவிட்டு, அவசரக்காரன் ஒருவன் ஒட்டிக் கொடுத்தால், பசை காயுமுன் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டால், ஆபத்து நேரத்தில் அது நிற்குமா? 2017இல் வந்த மைவியின் உயர்ந்த ரகம் முதற்கொண்டு, சில வண்டிகளில் முன்கண்ணாடிக்குப் பின்னால் சாலையைப் பார்க்கும் காமிராவும் இருக்கிறது. அவற்றில் கண்ணாடியை மாற்றினால் காமிராவையும் சரிபார்த்துக் குறிவைக்க வேண்டும். அது தனிச் செலவு. முதல் கண்ணாடி எவ்வளவு காலம் நிலைக்கிறதோ அவ்வளவும் லாபம் என்பதே நம் அபிப்பிராயம்.

காசுக்கு மேலே உயிர் இருக்கிறது. வெட்டுக்குப் போகிறவர் விடியுமுன் வண்டி எடுக்கிறார். எதிரே வரும் லோரியின் விளக்கு, கீறிய கண்ணாடியில் பட்டால் நூறு விளக்காகச் சிதறுகிறது. அந்தக் கணத்தில் சாலையோரம் சைக்கிளில் போகும் மனிதர் தெரிவதில்லை. காலை ஏழரைக்குக் கிழக்கு நோக்கிப் போகும் கிராணிக்கும் சூரியன் அதையே செய்கிறான்.

சரி, உடனே போக வேண்டும் என்கிறோம், எப்படிப் போவது? இந்தக் கேள்வியைத் தட்டிக் கழித்துவிட்டுப் புத்தி சொல்வது சுலபம். நல்ல கண்ணாடிப் பட்டறை பட்டணத்தில் இருக்கிறது. தோட்டத்திலிருந்து இருபது மைல், முப்பது மைல். வேலை முடித்துக் குளித்துக் கிளம்பினால் அங்கே சாத்துகிற நேரம். ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் திறப்பதில்லை. ஒரு நாள் வேலையை விட்டுப் போனால் அந்த நாள் சம்பளமும் பழுதுக்கூலியோடு சேர்ந்து செலவாகிறது. நம்மவர் தவணை சொல்வதில் பாதி இதனால்தான். சோம்பல் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது அநியாயம்.

ஆகவே முதல் உதவி ஒன்றைச் சொல்கிறோம். கல் பட்ட அன்றே, இடம் உலர்ந்திருக்கும்போது, பொட்டின்மேல் நிறமில்லாத ஒட்டுத்தாளை ஒரு துண்டு ஒட்டிவிட வேண்டும். மழையும் தூசியும் உள்ளே போகாது. டிரைவரின் பார்வையை மறைக்கும்படி அகலமாக ஒட்டக்கூடாது. விரல் நகத்தால் நோண்டிப் பார்ப்பதும், அழுத்திப் பார்ப்பதும் வேண்டாம். நகப்பூச்சு, பற்பசை, சூப்பர் குளூ என்று வீட்டில் கிடைப்பதைத் தடவுகிறார்களே, அது பெருந்தீங்கு: துளையின் வாயை அடைத்துவிடுவதால் நாளைக்கு உண்மையான பிசின் உள்ளே போக வழியில்லாமற் போகிறது. காரை நிழலில் நிறுத்துங்கள். ஆனால் ரம்புத்தான் மரத்தடியிலோ தென்னையடியிலோ நிறுத்திவிட்டு, இன்னொரு பொட்டு விழுந்ததற்கு எங்களை நோகக்கூடாது! சூடான கண்ணாடியில் வாளித் தண்ணீரை வீசாதீர்கள். குளிர்சாதனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். கதவைச் சாத்துமுன் ஜன்னலைச் சிறிது இறக்கிவைத்தால் காற்றின் அதிர்ச்சி குறையும். இப்படியெல்லாம் செய்தால் ஒரு வாரம், பத்து நாள் தாங்கும். அதற்குள் போய்விட வேண்டும். ஒட்டுத்தாளே சிகிச்சை என்று இருந்துவிடக் கூடாது.

இரண்டாவதாக ஒரு யோசனை. பழுது பார்க்கும் கருவி முழுவதும் ஒரு கைப்பெட்டியில் அடங்கிவிடும். வீடு தேடி வந்து வேலை செய்து தருகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு காருக்காக முப்பது மைல் வரச் சொன்னால் கூலி கட்டாது. ஆறு கார், எட்டுக் கார் என்றால் வருவார், விலையிலும் இறங்குவார். தோட்டத்துக் கிளையில் ஒருவர் பெயர் எழுதிவைத்து, மாதத்தில் ஒரு ஞாயிறு மண்டபத்து முன்னால் எல்லோர் காரையும் நிறுத்தச் செய்தால் என்ன? கோயில் திருவிழாவுக்குப் பந்தல்காரரை வரவழைக்கும் நம்மால் இதைச் செய்ய முடியாதா? பக்கத்துத் தோட்டத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். வருகிறவர் ஈரமில்லாத, கூரையுள்ள இடத்தில் வேலை செய்ய வேண்டும். வெயில் நேரே பட்டால் பிசின் பாயுமுன் இறுகிவிடும். இதை மட்டும் முன்னதாகப் பேசி வைத்துக்கொள்வது அவசியம்.

நம் சொந்தக் கார்களைப் பற்றி இவ்வளவு. தோட்டத்து வண்டிகளைப் பற்றியும் பேசாமல் விடுவதற்கில்லை. ஆட்களை நிரைக்கு ஏற்றிச் செல்லும் லோரி, பாலை ஸ்டோருக்குக் கொண்டு வரும் வண்டி, பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளியில் விடும் வேன் ஆகியவை நிர்வாகத்தின் பொறுப்பிலோ, நிர்வாகம் அமர்த்திய குத்தகைக்காரரின் பொறுப்பிலோ ஓடுகின்றன. நாம் அறிந்த ஒரு வேனின் முன்கண்ணாடியில் பொட்டாக விழுந்தது, மேல் மூலை வரை கீறிக் கிடந்தது. டிரைவர் சொன்னார், “எழுதி அனுப்பியிருக்கிறது” என்று பதில் வந்தது. மறுபடி சொன்னார், “இந்த மாதம் ஒதுக்கீடு இல்லை” என்று பதில் வந்தது. அடைப்பதற்கு ஒதுக்கீடு இல்லை என்றவர்கள் கடைசியில் மாற்றுவதற்கு ஒதுக்கினார்கள். இடைப்பட்ட நாளெல்லாம் பிள்ளைகள் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால்தான் உட்கார்ந்து போனார்கள். கணக்குத் தெரிந்த நிர்வாகத்துக்கு இது கூடவா விளங்கவில்லை?

இங்கே கிராணிமாரின் பேனா உதவ வேண்டும். டிரைவர் வாயால் சொல்வது காற்றோடு போகிறது. கல் பட்ட தேதி, வண்டி எண், எந்த இடத்தில் எவ்வளவு பெரிய பொட்டு என்பதை வண்டிப் புத்தகத்தில் அன்றே பதிந்து, நிர்வாகிக்கு ஒரு பிரதி அனுப்பினால், பிறகு “எங்களுக்குத் தெரியாது” என்று எவரும் சொல்ல முடியாது. கைப்பேசியில் ஒரு நாணயத்தைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து இணைத்தால் இன்னும் நல்லது. ஒரு வாரம் கழித்து இன்னொரு படம் எடுத்தால் கீறல் வளர்ந்த கதையைப் படமே சொல்லும்.

சட்டமும் நம் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்துக்கு 2022இல் செய்த திருத்தம் 2024 ஜூன் 1ஆம் தேதி அமலுக்கு வந்தது. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமான காரணத்தோடு நம்பும் தொழிலாளி, முதலாளியிடம் தெரிவித்தும் அவர் அதைப் போக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த ஆபத்திலிருந்து விலகிக்கொள்ளும் உரிமை அதில் சொல்லப்பட்டிருக்கிறது. ஐந்து காசுப் பொட்டைக் காட்டி லோரியில் ஏற மாட்டேன் என்பது அந்த உரிமையைக் கேலிக்கு உள்ளாக்குவதாகும். டிரைவரின் கண்ணுக்கு நேரே கண்ணாடி கீறிக் கிடந்து, மழையில் வழி தெரியவில்லை என்று அவரே சொல்லும் வண்டியின் நிலை வேறு. அங்கே விலகி நிற்பதற்கு முன் தெரிவித்திருக்க வேண்டும்; தெரிவித்ததற்கு அத்தாட்சி வேண்டும். வண்டிப் புத்தகத்தை வலியுறுத்துவது இதற்காகவே.

கண்ணாடிச் செலவை டிரைவரின் தலையில் கட்டும் வழக்கமும் சில இடங்களில் இருப்பதாக நம் காதுக்கு எட்டுகிறது. “நீ லோரிக்குப் பின்னால் நெருங்கிப் போனாய், அதனால்தான் கல் அடித்தது” என்று காரணம் காட்டிச் சம்பளத்தில் பிடிக்கிறார்களாம். நெருங்கிப் போவது தவறுதான். முன்வண்டி கடந்த இடத்தை நாம் அடைய இரண்டு, மூன்று நொடியாவது ஆக வேண்டும். கல் லோரியென்றால் அதற்கும் மேல். வேகம் இரண்டு மடங்கானால் கல்லின் அடி நான்கு மடங்காகிறது என்பதையும் டிரைவர்கள் மனத்தில் வைக்க வேண்டும். ஆனால் எதிர்ப்பக்கம் வரும் லோரியிலிருந்து தெறிக்கும் கல்லுக்கு யார் இடைவெளி விட முடியும்? சம்பளத்தில் எவற்றைப் பிடிக்கலாம் என்பதை 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு வரையறுத்திருக்கிறது. கல் பட்ட கண்ணாடி அந்த வரிசையில் இல்லை. அவ்விதம் பிடித்தம் செய்யப்பட்ட டிரைவர்கள் சம்பளச் சீட்டையும், வண்டிப் புத்தகத்தில் அந்தத் தேதிப் பக்கத்தின் பிரதியையும் எடுத்துக்கொண்டு தங்கள் கிளைச் செயலாளரைப் பார்க்கலாம்.